மாவுத்தன் மகன் சாபு

சாபு என்ற நடிகரை இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. எழுபதைத் தாண்டியவர்கள், "ஆமாம், அந்த யானைப் பையன்" என்பார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களிடம் சொன்னால் எந்த மலையாளப் படத்தில் வந்தார் என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு காலத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சான பெயர் அது.

இதை எழுதத் தூண்டியது கொரியா. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்து கார் ஓட ஆரம்பித்தது 1998-ல். அதற்குப் பிறகு நம் தென்சென்னைப் புறநகர்ப் பக்கம் கொரியர்களைப் பார்ப்பது அதிசயமில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். என் பேத்தி இரவு பகலாகக் கொரியத் தொடர்கள் பார்க்கிறாள். பாட்டியும் கூடச் சேர்ந்துகொண்டாயிற்று. பேத்திதான் ஒருநாள் பிலிப் ஆன் என்பவரைப் பற்றி எனக்குச் சொன்னாள். கொரியப் பெற்றோருக்கு 1905-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, ஹாலிவுட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் நடித்தவர். "அந்தக் காலத்துல நம்ம ஆளு யாராவது அங்க இருந்தாங்களா தாத்தா?" என்று கேட்டாள். இருந்தார். அவர்தான் சாபு. பிலிப் ஆன் கதையையும் நடுவில் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சில விஷயம் புரிகிறது.

சாபு பிறந்தது 1924 ஜனவரி 27. ஊர் காராப்பூர். மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில், காட்டை ஒட்டிய சின்ன ஊர். அப்பா மைசூர் மகாராஜாவின் யானை லாயத்தில் மாவுத்தர். யானை லாயம் என்றால் கோயில் யானை ஒன்றைக் கட்டிவைத்திருக்கும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. மைசூர் சமஸ்தானத்தில் யானை ஒரு தனி இலாகா மாதிரி. தசரா ஊர்வலத்துக்கு யானை வேண்டும், காட்டில் மரம் இழுக்க யானை வேண்டும், காட்டு யானையைப் பிடிக்கவும் பழக்கிய யானை வேண்டும்.

அந்தக் காட்டு யானை பிடிக்கும் வேலைக்குக் கெட்டா என்று பெயர். காராப்பூருக்குப் பக்கத்தில் காக்கனகோட்டைக் காட்டில் நடக்கும். நூற்றுக்கணக்கான ஆட்கள் தாரை தப்பட்டையோடு, தீப்பந்தத்தோடு, பல நாள் காட்டைச் சுற்றி வளைத்து ஒரு மந்தையை மெதுவாக ஆற்றின் பக்கம் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஆற்றைக் கடக்க வைத்து, எதிர்க்கரையில் பெரிய பெரிய மரங்களை நட்டுக் கட்டிய வேலிக்குள் விரட்டி, கதவை இறக்கிவிடுவார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை. கும்கிகள் மேல் உட்கார்ந்த மாவுத்தர்கள் உள்ளே போய், காட்டு யானை ஒவ்வொன்றாகப் பிரித்து, காலில் கயிறு போட வேண்டும். ஒரு தப்பு செய்தால் ஆள் மிஞ்ச மாட்டான். வைஸ்ராய்களும் வெள்ளைக்காரத் துரைகளும் மேடை போட்டு உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பார்கள். சாபுவின் குடும்பம் அந்த வேலிக்கு உள்ளே வேலை செய்த குடும்பம்.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பாவும் சாபுவுக்கு ஒன்பது வயது வாக்கில் இறந்துவிட்டார். அரண்மனை லாயத்திலிருந்து கிடைத்த படியில்தான் பையன் சாப்பிட்டான். யானைக்குத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டு, குளிப்பாட்டிக்கொண்டு, நம் முதுமலைப் பக்கம் காவடி என்று சொல்லும் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு இருந்தான்.

அந்த நேரத்தில் 1935-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்ற அமெரிக்க டைரக்டர் மைசூருக்கு வந்தார். எஸ்கிமோக்களின் வாழ்க்கையைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். லண்டனில் படக் கம்பெனி வைத்திருந்த அலெக்ஸாண்டர் கோர்டா அனுப்பியிருந்தார். கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கில் வரும் தூமாய் என்ற மாவுத்தன் பையன் கதையைப் படமாக்க வேண்டும். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் லாயத்தையும் காட்டையும் திறந்துவிட்டார். தசராவில் மகாராஜாவைச் சுமந்த ஐராவதா என்ற யானைதான் படத்தில் கதாநாயக யானை. பையன்தான் கிடைக்கவில்லை. காமிராமேன் பொரடெய்ல் லாயத்தில் சாபுவைப் பார்த்துப் பிடித்துவிட்டார்.

ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாத பையன். வசனத்தைக் காதால் கேட்டு அப்படியே ஒப்பித்தான். யானை மேல் ஏறுவது, தும்பிக்கையில் கால் வைத்துத் தாவுவது, மத்தகத்தில் சாய்ந்து தூங்குவது, இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டில் படப்பிடிப்பு முடிந்ததும் அண்ணன் தஸ்தகீரோடு கப்பலேற்றி லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். பேர் குழம்பியது அப்போதுதான். தஸ்தகீர் என்பது அண்ணன் பேர். அதைக் குடும்பப் பேர் என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் இவன் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். உலகம் முழுக்க சாபு தஸ்தகீர் என்று தெரிந்தவர் கடைசிவரை அண்ணன் பெயரைத்தான் சுமந்தார். ரேஷன் கார்டில் அப்பா பெயரும் இனிஷியலும் மாறிப்போய் அலைந்தவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. இது அந்த ரகத்தில் கொஞ்சம் பெரிய சைஸ்!

'எலிஃபன்ட் பாய்' வெளிவந்தது 1937-ல். நம் கணக்கில் சொன்னால், கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்த அதே வருடம். வெனிஸ் விழாவில் ஃப்ளாஹர்ட்டிக்கும், லண்டன் பகுதியை எடுத்த ஜோல்ட்டான் கோர்டாவுக்கும் சிறந்த டைரக்டர் பரிசு கிடைத்தது. பதின்மூன்று வயதில் சாபு நட்சத்திரம்.

அடுத்த படத்தில்தான் சிக்கல். 1938-ல் 'தி டிரம்'. வடமேற்கு எல்லையில் நடக்கும் கதை. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு விசுவாசமான ஒரு குட்டி இளவரசன், அவர்களைக் கொல்லத் திட்டம் போடும் கெட்ட சித்தப்பா. இளவரசன் சாபு. சித்தப்பா வேஷத்தில் முகத்துக்குச் சாயம் பூசிய ஒரு கனடா நாட்டு நடிகர். படம் பம்பாயிலும் நம் மதராஸிலும் திரையிடப்பட்டபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி முதன்மந்திரியாக இருந்த சமயம், ஊரே அரசியலில் கொதித்துக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரனுக்குச் சலாம் போடும் இந்தியன் நல்லவன், போடாதவன் கொலைகாரன் என்று சொல்லும் படத்தை எவன் பொறுத்துக்கொள்வான்? எதிர்த்தது நியாயம்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இளவரசன் வேஷம் போட்ட பையனுக்கு வயது பதினாலு. அப்பா இல்லை, அம்மா இல்லை, சொந்த ஊர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால். கதை எழுதியவனும் இல்லை, பணம் போட்டவனும் இல்லை. அவன் முகம்தான் படத்துக்கு முகமாக நின்றது. சொந்த நாட்டோடு அவனுக்கிருந்த உறவில் முதல் கீறல் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வந்தது 'தீஃப் ஆஃப் பாக்தாத்'. பாதி படம் இங்கிலாந்தில் முடிந்திருந்தபோது உலகப் போர் மூண்டது. மூட்டை முடிச்சோடு யூனிட்டே அமெரிக்காவுக்குப் போய் மீதியை எடுத்தது. சாபு ஹாலிவுட்டில் கால் வைத்தது அப்படித்தான். 1940-ல் படம் வெளிவந்தது. வண்ண ஒளிப்பதிவு, கலை, தந்திரக் காட்சி என்று மூன்று ஆஸ்கர்.

இதை நான் பார்த்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960-ல் எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்' வந்தபோது பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதே பேச்சு. அப்பா ரயில்வேயில் இருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. "இங்கிலீஷ்ல ஒரு பாக்தாத் திருடன் இருக்கான்டா. அவன் நம்ம மைசூர்க்காரன்" என்றார். சில மாதம் கழித்து மவுண்ட் ரோடு பக்கம் ஒரு தியேட்டரில் அந்தப் பழைய படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டார்கள். தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து நடந்தோம். வசனம் ஒன்றும் எனக்குப் புரியவில்லை. தேவையும் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிய, நம் தெருப் பையன் மாதிரியே நிறமுள்ள ஒரு பையன் கடற்கரையில் சீசாவைத் திறக்கிறான். புகை வானம் வரை போய் பூதமாகிறது. நசுக்கிவிடுவேன் என்கிற அந்தப் பூதத்தையே ஏமாற்றி மறுபடி சீசாவுக்குள் போகவைக்கிறான். ராட்சசச் சிலந்தி வலையில் ஏறிப் போய் ரத்தினக் கண்ணைத் திருடுகிறான். கடைசியில் ராஜா அவனைப் பள்ளிக்கூடத்தில் போட்டு மந்திரி ஆக்குகிறேன் என்றதும், மாயக் கம்பளத்தில் ஏறிப் பறந்தே போய்விடுகிறான். தியேட்டர் முழுக்க விசில். எனக்கு அதற்கு முன்னாலும் பிறகும் எந்த ஆங்கிலப் படத்திலும் நம் ஆள் ஒருத்தன் வெள்ளைக்காரக் கதாநாயகனை ஓரத்தில் நிற்கவைத்துப் படத்தையே தூக்கிக்கொண்டு போனது நினைவில்லை.

1942-ல் 'ஜங்கிள் புக்'. மௌக்ளி வேஷம். அதன் பிறகு யுனிவர்சல் கம்பெனி வாங்கிக்கொண்டது. 'அரேபியன் நைட்ஸ்', 'ஒயிட் சாவேஜ்', 'கோப்ரா வுமன்' என்று கலர் கலராக மூன்று படம். மூன்றிலும் கதாநாயகி மரியா மாண்டெஸ், கதாநாயகன் ஜான் ஹால். சாபு யார் என்றால் கதாநாயகனின் எடுபிடி. பதினெட்டு வயது ஆனவனுக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் வேஷம்தான். வளர வளரக் கதாநாயகன் ஆவதுதான் உலக வழக்கம். இவர் கதாநாயகனாக இருந்து, வளர்ந்ததும் தோழன் ஆனார்.

1944 ஜனவரியில் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இது சாதாரண விஷயமில்லை. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. பொதுவாக இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946-ல்தான். அதுவும் வருடத்துக்கு நூறு பேர். இன்று நம் மேடவாக்கத்திலும் சேலையூரிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். அந்த நூறு பேர் கணக்கை அவர்களிடம் சொன்னால் நம்புவார்களா?

சாபு போருக்குப் போனார். பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர். விமானத்தின் வாலிலும், வயிற்றுக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டிலும் உட்கார்ந்து சுடும் வேலை. உடம்பு சின்னதாக இருப்பவர்களைத்தான் அந்தக் கூண்டுக்குள் போடுவார்கள். காலை மடக்கிச் சுருண்டு உட்கார வேண்டும், கீழே கடல் தவிர ஒன்றும் இல்லை. பசிபிக் பகுதியில் பல முறை பறந்தார். வீரத்துக்காக 'டிஸ்டிங்க்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்' பதக்கம் கொடுத்தார்கள். விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே வாழ்க்கை முழுவதும் இருந்த நமக்கு அந்தப் பதக்கத்தின் மதிப்பு தெரியும்.

இங்கே பிலிப் ஆனைக் கொண்டுவருகிறேன். அவருடைய அப்பா ஆன் சாங் ஹோ கொரிய விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவர். நமக்கு ஒரு வ.உ.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் பிடித்துச் சிறையில் போட்டு, உடல் கெட்டு 1938-ல் இறந்தார். அப்பாவைக் கொன்றது ஜப்பான். மகனுக்கு ஹாலிவுட் கொடுத்த வேஷம் என்ன? போர்க்காலப் படங்களில் கொடூரமான ஜப்பானிய அதிகாரி! படம் படமாக அதையே செய்தார். மற்ற நேரத்தில் சீனர் வேஷம். ஹாலிவுட்டுக்குக் கொரியாவும் ஒன்று, சீனாவும் ஒன்று, ஜப்பானும் ஒன்று. சாபுவுக்கும் அப்படித்தான். மைசூர்க்காரர் அரேபியர் ஆனார், தென்கடல் தீவுக்காரர் ஆனார், பிரேசில் காட்டுவாசி கூட ஆனார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிலிப் ஆனுக்கு வயது ஏற ஏற வேஷமும் ஏறியது. எழுபதுகளில் வந்த 'குங் ஃபூ' தொலைக்காட்சித் தொடரில் குருவாக வந்து புதிய தலைமுறைக்கே பழக்கமானார். சாபுவுக்கு அந்த முதுமை கிடைக்கவில்லை.

போர் முடிந்து திரும்பியபோது வயது இருபத்தொன்று. 1947-ல் 'பிளாக் நார்சிசஸ்' என்று ஒரு நல்ல படம். இமயமலைக் கன்னிமாடத்தில் நடக்கும் கதை. எடுத்தது முழுக்க இங்கிலாந்திலேயே, மலை எல்லாம் வரைந்த மலை. அதில் பட்டு உடுத்திய இளம் ஜமீன்தார் சாபு. அவருக்கு ஜோடியாக வரும் இந்தியப் பெண் காஞ்சி யார் தெரியுமா? மூக்குத்தி போட்டு, உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிய ஜீன் சிம்மன்ஸ். சாயம் பூசாத இந்தியர் படத்தில் முக்கிய வேஷத்தில் அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் இறக்கம். 'மேன் ஈட்டர் ஆஃப் குமாவோன்', 'சாங் ஆஃப் இந்தியா' என்று பேரில் மட்டும் இந்தியா உள்ள படங்கள். இங்கிலாந்து போய் சர்க்கஸில் யானை வித்தை காட்டினார். இத்தாலியில் இரண்டு மூன்று படம். 1948-ல் மர்லின் கூப்பர் என்ற நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகன், ஒரு மகள். அண்ணனோடு சேர்ந்து மரச்சாமான் கடையும் நடத்தினார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிலிப் ஆன் குடும்பமும் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சீன ஓட்டல் நடத்தியவர்கள்தான். வேஷத்தை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

இத்தனையிலும் இந்தியாவில், இந்திய மொழியில், ஒரு படத்தில் கூட சாபு நடிக்கவில்லை. வாய்ப்பு வரவில்லை என்றால் பரவாயில்லை, வந்து கைநழுவியதுதான் வயிற்றெரிச்சல். மெஹ்பூப் கான் 'மதர் இந்தியா' எடுக்க நினைத்தபோது, பிர்ஜு வேஷத்துக்கு முதலில் சாபுவைத்தான் மனதில் வைத்திருந்தார். அம்மாவின் கையாலேயே சுடப்பட்டுச் சாகும் அந்த முரட்டு மகன். சாபு பம்பாய்க்கு வந்தார், காத்திருந்தார். ஆனால் அவர் அமெரிக்கப் பிரஜை. இந்தியாவில் வேலை பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். வேஷம் சுனில் தத்துக்குப் போனது. 1957-ல் படம் வந்து என்ன ஆயிற்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சுனில் தத் பிரமாதமாகச் செய்தார், குறை சொல்லவில்லை. ஆனால் காராப்பூரில் பிறந்தவனுக்கு அமெரிக்கா இந்தியன் வேஷம் மட்டும் கொடுத்தது, இந்தியா அவனை அமெரிக்கன் என்று சொல்லி அனுப்பிவிட்டது. நாற்பது வருடம் அரசாங்க ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். விதிப்படி அந்த ஃபைலில் எழுதியது சரியாகத்தான் இருந்திருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கூத்து நடந்தது. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தார். ராட் கேமரூனும் சீசர் ரொமேரோவும் சேலத்துக்கே வந்தார்கள். இந்திய இளவரசியாக மேரி விண்ட்சர் என்ற வெள்ளைக்கார அம்மாள். காடு, யானை எல்லாம் உள்ள படம். யானையோடு வளர்ந்த சாபு அப்போது வேலை தேடி ஐரோப்பாவில் சர்க்கஸ் கூடாரத்தில் இருந்தார். தேவர் ஃபிலிம்ஸ் யானைப் படங்களாக எடுத்துத் தள்ளிய காலத்தில் இருந்திருந்தாலாவது சின்னப்பா தேவர் விட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அது வரைக்கும் இருக்கவில்லை. 1960-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். அதே வருடம் அண்ணன் தஸ்தகீரை கடையில் கொள்ளையடிக்க வந்தவன் சுட்டுக் கொன்றான். 1963 டிசம்பர் 2-ம் தேதி, கென்னடி சுடப்பட்டுப் பத்தாவது நாள், சாபு மாரடைப்பில் போனார். வயது முப்பத்தொன்பது. கடைசிப் படம், டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்', அடுத்த வருடம் வெளிவந்தது. அதில் அவர் சர்க்கஸ்காரராக வருகிறார்.

மகன் பால் சாபு கிதார் கலைஞரானார். மகள் ஜாஸ்மின் சினிமாவுக்குக் குதிரை பழக்கினார். தாத்தா யானை, பேத்தி குதிரை. காக்கனகோட்டையில் கெட்டா நின்றுபோய், அந்த இடத்தின் பெரும்பகுதியைக் கபினி அணைத் தண்ணீர் மூடிவிட்டது. இப்போது பெங்களூர்க்காரர்கள் அங்கே ஜீப்பில் யானை பார்க்கப் போகிறார்கள்.

'ஜங்கிள் புக்' இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளோடு பாருங்கள், வண்ணமெல்லாம் இன்னும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கறுப்பு வெள்ளையில் உள்ள 'எலிஃபன்ட் பாய்' தான். தொடக்கத்திலேயே சாபு நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறான். தலைப்பாகை கட்டிய சின்ன முகம். மனப்பாடம் செய்த ஆங்கிலம், நடு நடுவே ஒரு சிரிப்பு.